நட்சத்திரக் குறியிட்டவை

மான்கூர்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது
ஞாயிற்றுக்கிழமைக்கு மணி எட்டேகால்.
போன வாரம் விட்ட இடம்
தொண்ணூற்றேழாவது கழிப்பறை.
நீலோஃபர் எனக்கு முன்பே வந்து
படிக்கட்டில் உட்கார்ந்து
போனுக்குச் சார்ஜ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வாரநாளில் நான் ஐரோலியில்
வங்கிச் செயலியைச் சோதிப்பவள்.
பயனர் என்னென்ன தப்புச் செய்வார் என்று
முன்கூட்டியே யோசிக்கச் சம்பளம்.
இங்கே சம்பளமில்லை.
கழுத்தில் ஓர் அட்டை,
பிரதமேஷ் தன் அலுவலக பிரிண்டரில்
யாரும் பார்க்காத நேரத்தில் அச்சிட்டது.
என் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.

படிவத்தில் பதினொரு கேள்வி.
நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்.
கோப்பை எத்தனை, உடைந்தது எத்தனை,
தண்ணீர் குழாயிலா டிரம்மிலா,
கட்டணம் இரண்டா ஐந்தா,
தாழ்ப்பாள் உண்டா இல்லையா.
நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
அந்தப் பிடிவாதம்
நான் கேட்டுச் சேர்த்தது.

வரிசையில் வாளியைக் காலால் நகர்த்தி வந்த
இசக்கியம்மாள்
என் இந்தியைக் கேட்டுச் சிரித்தாள்.
"தமிழ்லயே கேளு.
தாப்பா இருக்கு. ஆனா வெளிய இருக்கு.
உள்ள இருந்தத எவனோ களத்திட்டுப் போயிட்டான்."

உண்டு, இல்லை.
இரண்டே வட்டங்கள்.
கட்டைவிரல் நடுவில் நின்றது.
தப்புச் செய்வது பயனர் என்றல்லவா
எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"பகல்ல ஒத்தக் கையால கதவப் புடிச்சுக்கிடலாம்.
ராத்திரி பல்பும் கிடையாது,
ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிக்கணும்.
எனக்கு நைட் ஷிப்ட், ஏர்போர்ட்டுல.
அங்க கைய நீட்டுனா தண்ணி, கால வச்சா வெளிச்சம்.
வாசல்ல உன் போனு மாதிரி ஒரு கண்ணாடி,
அதுல மூணு மூஞ்சி:
சிரிக்கது, சும்மா இருக்கது, அழுவுறது.
போறவங்க அமுக்கிட்டுப் போவாங்க.
நான் தொடைக்கேன்.
தொடைக்கயில அழுவுற மூஞ்சி தானா அமுங்கிரும்,
அதுக்கும் சூப்பர்வைசர் என்னையத்தான் கேப்பான்."

பிறகு என் திரையை எட்டிப் பார்த்து,
"இதுல எத அமுக்குனா பல்பு வரும்?"

நாங்க முனிசிபாலிட்டி இல்லக்கா என்றேன்.
"அப்ப யாரு?"

அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கம் எதுவும் அச்சாகியிருக்கவில்லை.

அவள் முறை வந்துவிட்டது.
"செத்த கதவப் புடி" என்று
வாளியோடு உள்ளே போனாள்.

புடித்தேன்.
தகரம் உள்ளங்கையில் துருவை ஒட்டியது.
பையிலிருந்த போன் அதிர்ந்து,
நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும் என்றது.
வரிசையில் அடுத்தவள்
எனக்குப் பின்னால் வந்து
தானும் ஒரு கையைக் கதவில் வைத்தாள்.

சாயங்காலம் சயானில்,
டியூஷன் சென்டரின் சின்ன பெஞ்சுகளில்
முட்டி இடிக்க உட்கார்ந்து பேசினோம்.
மூன்றாவது வட்டம் சேர்த்தால்
தொண்ணூற்றாறு கழிப்பறைக்கும் திரும்பப் போகணும்,
ஏழு ஞாயிறு என்று பிரதமேஷ் கணக்குச் சொன்னான்.
குறிப்பில் எழுதினால் போதாதா என்றது ஒரு குரல்.
நீலோஃபர் எழுந்து போய்ப் பலகையில்,
யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்குக்குக் கீழே
வெளியே மட்டும் என்று எழுதி
ஒரு வட்டம் போட்டாள்.
அதற்கடியில்: விளக்கு.
அதற்கு ஒரு நட்சத்திரம்.

ஏழு ஞாயிறு பதினொன்றாகிவிட்டது, நடுவில் மழை.

திரும்பவும் தொண்ணூற்றேழுக்கு வந்த அன்று
நீலோஃபர் பையில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது,
நாற்பது ரூபாய், நாலு ஸ்க்ரூவோடு.
எண்ணத்தான் வந்திருக்கிறோம், மாட்ட அல்ல,
மாட்டினால் கணக்கு மாறிவிடும் என்று
முணுமுணுத்தபடியே
ஸ்க்ரூடிரைவரை நீட்டினான் பிரதமேஷ்.

மக்கிய தகரம்
ஒரு ஸ்க்ரூவையும் பிடிக்கவில்லை.
திருகத் திருக ஓட்டைதான் பெரிதாகியது.

இசக்கியம்மாள் ஷிப்டில் இருந்தாள்.

குறிப்பு என்ற கட்டத்தில்
நடந்ததை எழுதினேன்.
அந்தக் கட்டத்துக்கு
நட்சத்திரம் இல்லை.